நம் ஊரில் இல்லாத அணி

அன்புள்ள முகுந்தனுக்கு,

"அம்மா, நான் சாட்டர்டே வந்தா, வில் அப்பா ஸிட் அண்ட் வாட்ச் வித் மி?" என்று நேற்று போனில் கேட்டாய். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். எதுவும் தீயவில்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு எந்தச் சட்டை பிடிக்கும், எந்தச் செய்தியைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நாளை மத்தியானம் அந்த ஆட்டம் தொடங்கும்போது அவர் உன் பக்கத்தில் உட்காருவாரா என்று கேட்டால் தெரியாது. இன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் லேபிலிருந்து வர நேரமாகும். அதற்குள் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன். நாளை உன் கையில் கொடுப்பேனா, ஆகஸ்டில் நீ கிளம்பும்போது பெட்டிக்குள் வைப்பேனா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி. போனில் என்னால் இவ்வளவு பேச முடியாது.

நாளை நீ இரண்டு விஷயங்களோடு வருகிறாய். ஒன்று கூடைப்பந்து ஆட்டம். நம் வீட்டு டீம் இத்தனை வருஷம் கழித்து இறுதிச் சுற்றின் வாசல் வரை வந்திருக்கிறது. இன்னொன்று உன் செய்தி. குபெர்டினோவில் நீ வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அடுத்து எம்.எஸ். படிக்க நீ தேர்ந்தெடுத்திருக்கும் இடம், ஐந்து வருஷத்துக்கு முன்பு அவர் உன்னைப் போகவிடாமல் தடுத்த அதே ஊர் என்பது தெரியாது. நீயே சொல்ல வேண்டும் என்றாய். நான் சொல்லவில்லை.

நாம் குடியேறிய லிவர்மோரில் என்ன உண்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேப் உண்டு, திராட்சைத் தோட்டங்கள் உண்டு, கோயில் உண்டு, கிழக்கே மலை முழுக்கக் காற்றாலைகள் உண்டு. காலேஜ் கூடைப்பந்துக்கு ஒரு பெரிய அணி மட்டும் கிடையாது. அதற்கு மலையைத் தாண்டி வளைகுடாப் பக்கம் போக வேண்டும். நம் தெருவில் ஒரு வீட்டில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கொடி, எதிர் வீட்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கொடி. நம் வீட்டில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு கொடி. தபால்காரர் ஒருநாள் நின்று, இது எந்த நாட்டுக் கொடி என்று என்னைக் கேட்டார்.

அது எந்த நாட்டுக் கொடியும் இல்லை. இந்த நாட்டின் நடுப்பகுதியில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கொடி. உன் அப்பா இந்த நாட்டில் முதலில் வந்து இறங்கிய ஊர் அது. நம் தமிழ்க் குடும்பங்களுக்குள் இப்படி ஒரு பழக்கம் இருப்பதை நீ கவனித்திருப்பாய். வேறு யாரும் இதைச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர் முதன்முதலில் இடம் கொடுத்து, விமானச் சீட்டுக்கு ஒரு காரணம் கொடுத்ததோ, அந்த ஊரின் அணியை அந்த மனிதர் ஆயுசுக்கும் சுமக்கிறார். இடையில் எத்தனை மாநிலம் மாறினாலும் அது மாறுவதில்லை. சுந்தரம் அங்கிளுக்குத் தெற்கே ஏதோ ஒரு சிவப்பு அணி. மனைவிமார்களுக்கு அதில் தேர்வு எதுவும் கிடையாது. கோயம்புத்தூரில் வேதியியல் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் கல்லூரியில் பந்து என்று ஒன்று இருந்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. கல்யாணமாகி வந்ததும் ஊதா எனக்கு ஒட்டிக்கொண்டது. "தாலி கட்டும்போதே டீமும் சேத்துக் கட்டிடறாங்கப்பா. நம்மள யாரு கேட்டா?" என்று மாலதி ஆன்ட்டி சொல்வாள்.

காலேஜ் அணிகளின் தேசியப் போட்டி நடக்கிற ஒவ்வொரு மார்ச் மாதமும் சுந்தரம் அங்கிள் வீட்டில் கூடுவோமே, உனக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு அணி. வருஷம் முழுக்க கிரீன் கார்டைப் பற்றியும் ஃப்ரீவே நெரிசலைப் பற்றியும் பேசுகிற ஆண்கள் அன்று வேறு ஆட்களாகிவிடுவார்கள். "உங்க சென்டர் ஆளு பனைமரம் மாதிரி அசையாம நிக்கறான்யா. யாராவது ஏறி நுங்கு வெட்டப் போறாங்க!" என்பார் சுந்தரம். உன் அப்பா லேசில் பேசமாட்டார். தட்டில் இருந்ததை முடித்துவிட்டு நிதானமாகச் சொல்வார்: "உங்காளுக ஓடறதப் பாத்தா, ரேசன் கடைக்கு மண்ணெண்ண வந்துருச்சுன்னு யாரோ சொன்னாப்புல இருக்குதுங்க." நீ மாடிப்படியின் மூன்றாவது படியில்தான் உட்காருவாய். அங்கே உட்கார்ந்தால் டீம் ஜெயிக்கும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்திருந்தீர்கள். பாத்ரூம் போகவும் உனக்கு அனுமதி கிடையாது. இது என்ன அறிவு என்று நான் கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும், விடும்மா" என்றார் லேபில் லேசர் அளக்கும் உன் அப்பா.

குடியிருக்கும் ஊரில் அணி இல்லாதவர்களுக்கு டிவியும் உதவாது என்பதை உன்னைப் பெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆரம்பச் சுற்றுகளில் ஒரே நேரத்தில் நாலைந்து இடங்களில் ஆட்டம் நடக்கும். நாம் குடியிருக்கும் வட்டாரத்துக்கு எது பிடிக்கும் என்று சேனல்காரன் நினைக்கிறானோ அதைத்தான் காட்டுவான். சோளக்காட்டு அணியை இங்கே எவன் காட்டப் போகிறான்? அதனால் ப்ளெசன்டன் பக்கத்தில் கூரை மேல் பெரிய டிஷ் வைத்திருந்த அந்த உணவகத்துக்கு உன்னை அழைத்துப் போவார். பாதி உணவகம், பாதி பார். பீர் குடிக்காத, மாமிசம் தொடாத ஒரு மனிதர், பதினொரு வயதுப் பையனோடு மூலையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலாக வாங்கித் தள்ளுவார். ஒருமுறை நானும் வந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வறுவல் மேல் இட்லிப் பொடியைத் தூவினார். பரிமாறுகிற பெண் குனிந்து, "அது என்ன?" என்றாள். கன் பவுடர் என்றீர்கள் இருவரும் ஒரே குரலில். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணில் நீர் வர, அடுத்த வாரமும் கொண்டு வரச் சொன்னாள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மெனு கார்டைப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், உங்கள் இருவரையும் அவ்வளவு இயல்பாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோயிலில் நடந்ததை நீ உன் சிநேகிதர்களிடம் பல விதமாகச் சொல்கிறாய். எதற்கும் நடந்தபடியே எழுதிவைக்கிறேன். அந்த வருஷம் டீமின் உயரமான பையன் டெரெல் முழங்காலில் அடிபட்டுக் கிடந்தான். சனிக்கிழமை காலை அர்ச்சனைத் தட்டோடு அப்பா வரிசையில் நிற்கிறார். குருக்கள், "யார் பேருக்கு?" என்கிறார். "டெரெல்" என்கிறார் அப்பா. குருக்கள் கண் இமைக்கவில்லை. "நட்சத்திரம்?" "தெரியாதுங்க. ஆறடி பத்தங்குலம்." நீ அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "அப்பா, ஹி இஸ் எ பேப்டிஸ்ட்!" என்றாய். பையன் சர்ச்சுக்குப் போகிறவனாம். குருக்கள் ஒரு நிமிஷம் யோசித்தார். "என்ன பிரார்த்தனை?" "மொழங்காலுங்க." "சரி, லோகத்துல இருக்கற எல்லா முழங்காலும் க்ஷேமமா இருக்கட்டும். சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார். டெரெல் அந்த சீசன் முழுக்க விளையாடவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, "அர்ச்சன பண்லீன்னா காலே போயிருக்கும்" என்றார் அப்பா. தண்ணீர் மாதிரியைச் சோதித்து, இருப்பது இது, இல்லாதது இது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இப்படிப்பட்ட வாதத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம், அந்த ஊரைப் பற்றி உனக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்பது. உனக்கு அந்த ஊர் என்றால் வெற்றி, சத்தம், ஊதாக் கடல் மாதிரி கூட்டம், பனியில் சறுக்கி விழுந்து சிரித்த கதைகள். நான் அங்கே இருந்திருக்கிறேன். ஒரு ஜனவரியில் பட்டுப்புடவை மேல் யாருடையதோ கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, ஒன்றரை வருஷம் இருந்தேன். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்கிறேன். அவர் சொல்லமாட்டார்.

உன் அப்பா அங்கே போனது எம்.எஸ். படிப்பதற்கல்ல, பி.எச்.டி.க்கு. அவருடைய கைடு மற்ற மாணவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார், இவரைக் கூப்பிடமாட்டார். இவர் பேசுகிற ஆங்கிலம் புரியவில்லை என்று மற்றவர்கள் முன்னால் சொல்வார். அறையில் கூட இருந்த பையன் பாதியில் ஊரைப் பார்க்கப் போய்விட்டான். நான் வருவதற்கு முந்தின குளிர்காலம் முழுவதும், கடைக்காரரிடமும் நூலகத்திலும் தவிர இவர் யாரிடமும் பேசவில்லை என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் வேறு எதையோ சொல்லும்போது. ஒருநாள் சாயங்காலம் குளிர் தாங்காமல், வெளிச்சமும் சூடும் இருந்த ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே கூடைப்பந்து நடந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்கு மேல் வரிசையில் இடம் சும்மா கிடைத்தது. விதிகள் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நொடியில் டீம் ஜெயித்ததும், பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒரு மனிதர் இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாராம். இந்த நாட்டில் அதுவரை யாரும் அவரைத் தொட்டதில்லை.

நான் வந்த முதல் வாரமே என்னை அங்கே அழைத்துப் போனார். பெண் பார்க்க வந்தபோது தலை நிமிராமல் காபி குடித்த மனிதர், எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து நான் பயந்துபோனேன். மேல் வரிசைக்காரர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. கண்ணாடி போட்டிருந்ததால் 'ப்ரொஃபசர்' என்று கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் கைடு உதவித்தொகையை நிறுத்தினார். பி.எச்.டி. முடிக்காமல், எம்.எஸ். பட்டத்தோடு நாங்கள் காரில் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினோம். மேல் வரிசையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ப்ரொஃபசர் எங்கே என்று அவர்கள் தேடியிருப்பார்களா என்று வழியில் ஒருமுறை என்னிடம் கேட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நீ பிறந்து, நடக்கப் பழகி, டிவி முன்னால் வந்து உட்கார்ந்தபோது, உனக்கு டீமை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சமையலறை மேஜையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. "எங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டியா கண்ணு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நீ அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்து முதலில் தொடையில் தட்டினார். நீ சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது.

"அது பாக்கறதுக்கு கண்ணு. போறதுக்கில்ல."

"வாட் டஸ் தட் மீன்?"

"முக்கா மணி நேரத்துல உலகமே பொறாமப்படற காலேஜு இருக்குது, எடமும் குடுத்திருக்கறான். அத உட்டுப்போட்டு சோளக்காட்டுக்குப் போறேங்கற. எதுக்கோசரம்? பந்தாடறதப் பாக்கவா?"

"யூ வென்ட்."

"எனக்கு அங்க மட்டுந்தான் கெடச்சுது!"

நீ எழுந்து நின்றாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் வரும். "அப்ப எதுக்கு எனக்குக் குடுத்தீங்க? உங்களுக்கே புடிக்காத ஊர எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"புடிக்காதுன்னு எவஞ் சொன்னான்?" என்றார். தோட்டத்துக்குப் போய் எரியாத விளக்கு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் அப்பா பக்கம்தான் பேசினேன். பக்கத்தில் இருப்பது நல்ல கல்லூரி, படிப்பை வைத்து முடிவு செய், பந்தை வைத்து அல்ல என்றேன். அந்தக் கணக்கு தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். நீ நன்றாகப் படித்தாய், நல்லவர்களோடு பழகினாய். ஆனால் அடுத்த மார்ச்சில் எக்ஸாம் என்றாய். அதற்கடுத்த மார்ச்சில் ப்ராஜெக்ட். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாய். சுந்தரம் அங்கிள் வீட்டுக்குப் போவதை அப்பாவும் விட்டார். மார்ச் மாதத்தில் தனியாக ஹாலில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். புள்ளி விழுந்தால் கையைத் தொடை மேல் லேசாகத் தட்டுவார். நீங்கள் இருவரும் சண்டைக்காரர்கள் மாதிரி இல்லை. போனில் இன்சூரன்ஸ் பற்றிப் பேசுவீர்கள், வரி பற்றிப் பேசுவீர்கள். கேட்பவர்களுக்கு நல்ல அப்பா, நல்ல பிள்ளை என்றுதான் தோன்றும்.

அவர் ஏன் தடுத்தார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள். நீ அங்கே போனால் அந்தக் கட்டடத்தின் மேல் வரிசையோடு நின்றுவிடமாட்டாய் அல்லவா? வகுப்புகளுக்குப் போவாய், ஜனவரியில் தெருவில் நடப்பாய், யாராவது ஒரு கைடின் கதவைத் தட்டுவாய். அவர் உனக்குக் கொடுக்காமல் மறைத்துவைத்த பாதியை நீ உன் காலாலேயே போய்க் கண்டுபிடித்துவிடுவாய். அல்லது அவருக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று பயந்தார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

இனி நீ போவதைப் பற்றி. போகாதே என்று சொல்லமாட்டேன். உனக்கு இருபத்திரண்டு வயது. புள்ளியியல் நல்ல படிப்பு, இந்தமுறை படிப்பை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறாய் என்கிறாய், நம்புகிறேன். முழுக்க இல்லை, முக்கால்வாசி நம்புகிறேன். நான் சொல்வது கொஞ்சம்தான். முதல் மாதமே நல்ல பூட்ஸ் வாங்கிவிடு, இங்கே வாங்கிப் போகாதே, இங்கே இருப்பவர்களுக்குக் குளிர் தெரியாது. தனியாகச் சாப்பிடுகிற நாட்கள் வரிசையாக வர ஆரம்பித்தால் அது உன் சுபாவம் என்று நினைத்துக்கொள்ளாதே, எழுந்து போய் யார் கதவையாவது தட்டு. கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பழைய மாணவர்களிடம் பேசு. ஓர் ஊரை அதன் கூட்டத்தை வைத்து எடைபோடாதே. பதினைந்தாயிரம் பேர் சேர்ந்து கத்தும்போது எல்லா ஊரும் அன்பாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில், யாருக்கும் உன்னால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லாத நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பார். அப்படிப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால், அந்தப் பிடிப்பு உன்னுடையது, யாரும் கொடுத்ததல்ல.

இதுவரை எந்த அணிக்காகவும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பந்து உள்ளே போவதும் போகாததும் எனக்குப் பந்தின் விஷயம்தான். அதனால் உனக்கும் அப்பாவுக்கும் இடையில் இது என்ன என்பதைப் பேச நான் சரியான ஆள் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் இருவருக்கும் வேறு பேச்சு வரவில்லை என்பதால் அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அதுவும் நின்றபோது எல்லாம் நின்றுவிட்டது. நாளை அவர் உட்காரவில்லை என்றால் உன்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. செய்தியை ஆட்டத்துக்கு முன்பு சொல்வதா, பின்பு சொல்வதா என்று கேட்டாய். அதற்கும் எனக்குப் பதில் தெரியாது. தோற்ற பிறகு மட்டும் சொல்லாதே.

இன்று காலை கிளம்பும்போது, "வர்றானா?" என்றார். "வர்றேன்னான்." "மேட்சுக்கா, சும்மாவா?" "எனக்குத் தெரியாதுங்க." சாவியை எடுத்துக்கொண்டார். "சும்மா வந்தாலும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதிலிருந்து நாளையைப் பற்றி ஏதாவது தெரிகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் கார் வருகிற சத்தம் கேட்கிறது.

*

ஞாயிறு காலை. நேற்று நடந்ததை எழுதி இதோடு வைக்கிறேன். நீ அங்கே இருந்தாய், ஆனாலும் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது.

நீ வந்ததும் அப்பா உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன் காரைப் பார்த்தார். முன் டயரில் காற்று கம்மி என்று கராஜுக்குள் ஏற்றச் சொன்னார். சமையலறைக் கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. நீ ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டாய். பம்பு ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது.

"அங்கயா?" என்றார்.

"ஆமாம்ப்பா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்."

"இங்க எடம் குடுக்கலியா?"

"குடுத்தாங்க."

அவர் தோட்டத்துக்குப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் அடுத்த டயருக்குப் போனார். "எந்த மாசம்?" "ஆகஸ்ட்." "ஆகஸ்ட்டுல நல்லாத்தான் இருக்கும்" என்றார். "அக்டோபரு வரைக்கும் நீ ஏமாந்துபோயிருவ. அதுக்கப்புறந்தான் கண்ணு, அது ஆரம்பிக்கும்."

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது என்று குரல் கொடுத்தேன். இருவரும் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். "வர்றோம்" என்றார் அப்பா. அதற்கும் வரவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த ஆட்டத்தை யாரும் பார்க்காமல் விடுவது சரியாகப் படவில்லை. அதனால் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை தனியாகப் பார்த்தது இதுதான் எனக்கு முதல் தடவை. பாதி ஆட்டத்தில் ஊதாச் சட்டைக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் எதிரணிப் பையனுக்கு இரண்டு இலவச எறிதல் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் இரண்டையும் போட்டான். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

கராஜுக்கு வந்தேன். நீ காரின் முன் சீட்டில் கதவைத் திறந்து, கால்களை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தாய். அவர் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் முந்தின நாள் இந்தக் கடிதத்தில் எழுதியதையெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். சில இடங்களில் அவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. அங்கே இருந்தவர் அவர், அவர் சொன்னதையே வைத்துக்கொள்.

"தோத்துட்டாங்க" என்றேன்.

"எத்தனைல?" என்றார்.

"ஒண்ணுல."

"அடடா" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, "எங்க விட்டேன்?" என்று கேட்டார்.

"கைடோட ரூம்ல" என்றாய்.

"ஆமா. கதவ தட்டினேன்" என்று அவர் ஆரம்பித்தார். நான் உள்ளே வந்து ரசத்தை மறுபடி சூடாக்கினேன்.

அம்மா